நிலவேம்பு எது?

கடந்த மாரியில் ஒரு நாள் கல்முனைக் கடைத்தெருவில் இரண்டு நாட்டு மருந்துக் கடைகளில் ஏறி நிலவேம்பு கேட்டேன். இரண்டிலும் தந்தார்கள். முதற் கடையில் கிடைத்தது ஒரு பெரிய கட்டு. நீளமான, நான்கு மூலை கொண்ட தண்டுகள், ஒடுங்கிய இலைகள், இடையிடையே சிறு காய்கள். விலை மிகவும் மலிவு. இரண்டாவது கடையில் கடைக்காரர் உள்ளே போய், அலுமாரியிலிருந்து ஒரு சிறிய பொட்டலத்தை எடுத்து வந்தார். அதற்குள் ஒரு சாண் நீளங்கூட இல்லாத, வேரோடு பிடுங்கப்பட்ட சில செடிகள் காய்ந்து கிடந்தன. வேரில் இன்னும் மண் ஒட்டியிருந்தது. விலையோ முதற் கடையின் விலையைப் போலப் பல மடங்கு. “இதுதான் அசல் சேர், காட்டுச் சரக்கு. மத்தது இந்தியாச் சரக்கு” என்றார். திரும்பி வரும் வழியில் முதற் கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. “இந்தியாவில சனம் முழுக்க நிலவேம்பு எண்டு குடிக்கிறது இதத்தான் சேர்” என்றார்.

இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே பெயரில் இரண்டு செடிகள் இருக்கின்றன என்பதே உண்மை. முதற் கடையில் கிடைத்தது அண்ட்ரோகிராபிஸ் பனிக்குலாற்றா என்பது. தமிழ்நாட்டில் நிலவேம்பு என்றால் இதுதான். ஆடாதோடையின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூண்டு. விதை விழுந்த இடமெல்லாம் முளைக்கும். இரண்டு மூன்று அடி உயரம் வளரும். சிங்களத்தில் இதனை ‘ஹீன் பின்கொஹொம்ப’ என்பார்கள். இரண்டாவது கடையில் கிடைத்தது முன்றோனியா பின்னாற்றா. இதுவே சிங்கள வைத்தியத்தின் ‘பின்கொஹொம்ப’. ‘பின்’ என்றால் நிலம், ‘கொஹொம்ப’ என்றால் வேம்பு. எமது சொல்லும் அவர்களது சொல்லும் ஒன்றே. இது உண்மையிலேயே வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. வேப்பிலையைப் போலவே ஒரு காம்பில் பல சிற்றிலைகள் உண்டு. உயரம் ஒரு அடிக்கு மேற்போவது அரிது. வெண்ணிறப் பூ, ஐந்து பகுதிகளாகப் பிரிந்த சிறிய காய். உலர் வலயத்திலும் இடை வலயத்திலும் உள்ள காடுகளில், பெரிய மரங்களின் நிழலில், இலைச்சருகு படிந்த தரையில் வளரும் குறுஞ்செடி இது. இன்று இதனைக் காண்பது அரிதாகிவிட்டது. விலை ஏறியதற்கும், மலிவான மற்றச் செடி இதன் பெயரில் பைகளுக்குள் புகுந்துகொண்டதற்கும் காரணம் இதுவே.

இதனால் என்ன, இரண்டும் கசப்புத்தானே என்று சிலர் கேட்கலாம். கசப்புத்தான். ஆனால் ஒன்றின் கசப்பு அண்ட்ரோகிராபோலைட் என்னும் பொருளால் வருவது; மற்றதன் கசப்பு வேம்பில் உள்ளதைப் போன்ற லிமோனொயிட் வகைப் பொருட்களால் வருவது. காய்ச்சலுக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் இரண்டையும் கொடுத்து வந்திருக்கிறார்கள். பதிலாகக் கொடுக்கும் செடி பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. வைத்தியர் தெரிந்து மாற்றினால் அது வைத்தியம்; வாங்குகிறவருக்குத் தெரியாமல் மாறினால் அதற்கு வேறு பெயர். தமிழ்நாட்டு நிலவேம்பைக் கர்ப்பிணிப் பெண்கள் உட்கொள்ளக் கூடாது என்று பொதுவாக எச்சரிக்கப்படுகிறது. எங்கள் ஊர்களிலோ மூத்தம்மா சொன்னாள், மாமி சொன்னாள் என்று பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வாங்கி அவிக்கிறோம். மூத்தம்மா அவித்தது எந்தச் செடி என்று அவளைக் கேட்க இப்போது வழியில்லை.

டெங்குக் காய்ச்சல் வரும் ஒவ்வொரு ஆண்டும் இந்தக் குழப்பம் பெருகுகிறது. 2012இல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது அங்குள்ள அரசாங்கம் நிலவேம்புக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. அது ஒரு செடியின் கஷாயம் அல்ல. வெட்டிவேர், விளாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு ஆகியவற்றுடன் நிலவேம்பும் சேர்ந்த ஒன்பது சரக்குச் சூரணம். செய்தி கடல் கடந்து எம்மிடம் வந்தபோது எட்டுச் சரக்கும் கடலில் விழுந்துவிட்டன; நிலவேம்பு என்ற பெயர் மாத்திரம் கரை சேர்ந்தது. 2017இல் இலங்கையில் 1,80,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு கண்டபோது எமது பகுதியிலும் இந்தப் பெயரைக் கேட்டுக் கடைகளுக்குப் போனவர்கள் பலர். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்த நிலவேம்பும் அதற்குப் பதிலாகாது. செடியில் அன்புள்ளவன் என்ற முறையிலேயே இதைச் சொல்லுகிறேன். மருந்துச் செடிக்கு இல்லாத வல்லமையைக் கற்பித்துப் புகழ்கிறவர்களால்தான் அது முதலில் அழிகிறது.

இந்தச் செடி எமது கரைக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். பெரியநீலாவணை தொடங்கி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று எனத் தெற்கே நீளும் எமது ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடையில் உள்ள மணல் திடலில் நெருக்கமாகக் கட்டப்பட்டவை. இங்கு பெருங்காடு இல்லை. மேற்கே, வயல்வெளிக்கு அப்பால் காடு இருந்தது. எமது முன்னோர் தவளம் கட்டி, மாடுகளின் முதுகில் உப்பும் கருவாடும் ஏற்றி ஊவாப் பக்கம் போனார்கள். திரும்பும்போது பாக்கும் காட்டுச் சரக்குகளும் கொண்டு வந்தார்கள். கரையோரப் பரிசாரிமாரின் மருந்துப் பெட்டி அந்த வழியாகத்தான் நிறைந்தது. தமிழ்ப் பரிசாரியும் முஸ்லிம் பரிசாரியும் சிங்கள வெதமாத்தயாவும் ஒரே காட்டை நம்பி வைத்தியம் செய்தார்கள்.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. சேனாநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. பெரும் பரப்புக் காடு வெட்டப்பட்டு வயலாகவும் கரும்புத் தோட்டமாகவும் குடியிருப்பாகவும் மாறியது. குளத்தைச் சூழ எஞ்சியதில் ஏறத்தாழ 25,900 ஹெக்டெயர் 1954இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மூன்றும் அங்கே இயற்கையாக வளர்கின்றன என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அவை மூன்றும் மரங்கள். நின்றால் தெரியும், வெட்டினாலும் தெரியும். முழங்கால் அளவும் வளராத ஒரு செடி போனதை யார் கண்டார்? பின்னர் வந்த யுத்த காலத்தில் மேற்கே காட்டுக்குப் போவதே உயிராபத்தாயிற்று. காட்டுச் செடியைக் கண்டால் இனங்காணக் கூடியவர்கள் வயதாகி மறைந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கொழும்பிலிருந்து லொறியில் வரும் பைகளைப் பிரித்து விற்கப் பழகினார்கள். 2009க்குப் பின்னர் பாதைகள் திறந்தன. பாதை வழியே மண்வெட்டி இயந்திரங்களும் போயின.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விடயத்துக்கு வருகிறேன். காடு என்றதும் எமக்கு மரந்தான் நினைவுக்கு வருகிறது. மரத்துக்குக் கீழே உள்ளதை ‘பற்றை’ என்கிறோம். பற்றை என்றால் வெட்டித் துப்பரவாக்க வேண்டியது, பாம்பு இருக்குமிடம், குப்பை. அபிவிருத்தி வேலை செய்கிற நாங்களும் இதற்கு விலக்கல்ல. மரநடுகை வாரம் வந்தால் தேக்கும் மாவும் வேம்பும் கொடுப்போம், பிரமுகர் ஒருவர் தண்ணீர் ஊற்றுவார், படம் எடுப்போம். செடி கொடுத்ததாக ஓர் அறிக்கையையேனும் நான் வாசித்ததில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் எமது ஊர்களை அள்ளிச் சென்ற பின்னர் கரையோரத்தில் சவுக்கு நட்டார்கள். சவுக்கு விரைவாக உயர்ந்து பச்சையாகத் தெரியும். நிதி கொடுத்தவருக்குக் காட்டலாம். அதன் சருகு மெத்தைபோல விழுந்து கீழே வேறொன்றையும் எழ விடாது. சவுக்கந்தோப்புக்குள் போய்க் குனிந்து பார்த்தவர்களுக்கு இது தெரியும். நூறு மரம் நின்றாலும் அது காடு ஆகாது.

ஊருக்குள்ளும் இதே கதைதான். எனது சிறு வயதில் வளவுகளுக்கு வேலி இருந்தது. வேலியில் ஆடாதோடை, நொச்சி, பாவட்டை, கிளா, காரை என்று ஏதோ ஒன்று நிற்கும். இருமல் என்றால் பக்கத்து வேலியில் ஆடாதோடை இலை பறிப்போம். இப்போது எல்லாம் மதில். கிடக்கும் கொஞ்சப் பற்றை மையவாடிகளிலும் கோயில் வளவுகளிலும் ஆற்றோரத்திலுந்தான். அதையும் டெங்கு ஒழிப்புச் சிரமதானம் என்று சொல்லி ஆண்டுக்கொரு தடவை அடியோடு வெட்டுகிறோம். டெங்கு நுளம்பு முட்டையிடுவது சிரட்டையிலும் டயரிலும் யோகட் கோப்பையிலும் தேங்கிய தெளிந்த நீரில். சிரமதானம் முடிந்த ஒரு மையவாடியில் வெட்டிய காரைச் செடிகள் குவிந்து கிடந்ததையும், மதிலோரத்தில் மூன்று பழைய டயர்கள் தண்ணீரோடு அப்படியே கிடந்ததையும் நான் கண்டேன். டயரைத் தூக்க ஆளில்லை. கத்தி வீச நாற்பது பேர் இருந்தார்கள்.

காட்டுச் செடி ஒன்றுக்கு விலை வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் உதாரணங்கள் உண்டு. சர்ப்பகந்தி என்ற சிறு செடியை எமது நாட்டில் சிங்களவர் ‘ஏகவேரிய’ என்பர். அதன் வேரிலிருந்து 1952இல் சுவிற்சர்லாந்தின் சீபா கம்பனி றெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. இரத்த அழுத்தத்துக்கு அது பெரிய மருந்தாயிற்று. வேருக்கு விலை வந்ததால் செடியை வேரோடு தோண்டினார்கள். 1990இல் அதனைச் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. எமது நாட்டின் ‘கொத்தல ஹிம்புட்டு’ இன்னொன்று. படர்ந்தேறும் இந்தக் காட்டுச் செடியின் கட்டையில் கோப்பை கடைந்து, இரவில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் நீரிழிவுக்காரர் குடிப்பார்கள். அதிலுள்ள சலசினோல் என்ற பொருளை 1997இல் யப்பானிய விஞ்ஞானிகள் பிரித்துக் காட்டினார்கள். அந்நாட்டில் காப்புரிமைகளும் எடுக்கப்பட்டன. அந்நியன் கொண்டு போகிறான் என்று இங்கே கூக்குரல் எழுந்தது. கூக்குரல் நியாயமானது. ஆனால் கூக்குரலிட்ட எங்களில் எத்தனை பேர் அந்தச் செடியில் ஒன்றை நட்டோம்? வல்லப்பட்டையின் கதியும் அதுவே. 2012க்கு முன்னர் அந்தப் பெயரைக் கேட்டறியாதவர்கள், விமான நிலையத்தில் அது பிடிபட்ட செய்திகள் வரத் தொடங்கியதும் தோட்டந்தோட்டமாகத் தேடி வெட்டினார்கள்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது சரியல்ல. 1961இன் ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றையும் ஏற்றுக்கொண்டது. ஆயுர்வேதத் திணைக்களம் ஹல்துமுல்லை, கிராந்துருகோட்டை முதலிய இடங்களில் மூலிகைத் தோட்டங்களை வைத்திருக்கிறது. 1998இல் உலக வங்கியூடாகக் கிடைத்த உதவியுடன் ரிட்டிகல, கன்னெலிய, நாவுல, பிபிலை, ரஜவக்க ஆகிய ஐந்து இடங்கள் மருந்துச் செடிப் பாதுகாப்புப் பிரதேசங்களாகத் தெரிவுசெய்யப்பட்டன. இவற்றுள் பிபிலை எமக்கு மேற்கே, தவளப் பாதையின் மறுமுனையில் இருக்கிறது. ஆனால் வேலி போட்டுக் காப்பது ஒரு பாதிதான். சந்தையில் கேள்வி இருக்கும்வரை வேலிக்குள்ளும் கை நீளும். கேள்வியைக் காட்டிலிருந்து வளவுக்குத் திருப்ப வேண்டும். அதாவது, நிலவேம்பை நாமே வளர்க்க வேண்டும்.

வளர்க்க முடியுமா? கல்முனை மணலில், கச்சான் காற்றில்? முடியும் என்பது எனது அனுபவம். ஆனால் வெண்டிக்காய் நடுவதைப் போல நட்டால் முடியாது. பிபிலைப் பக்கத்தில் பழக்கமான வைத்தியர் ஒருவர் தனது வீட்டில் வளர்த்த செடியிலிருந்து தண்டுத் துண்டங்கள் தந்தார். ஐந்தில் மூன்று வேர் பிடித்தன. அவற்றில் இரண்டை அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் கொன்றேன். கொன்றது கச்சான் அல்ல, எனது கிணறு. வரட்சியில் நீர் மட்டம் இறங்கியபோது தண்ணீர் உவர்த்துவிட்டது, அதையே ஊற்றிக்கொண்டிருந்தேன். இலை ஓரம் கருகியபோது வெயில் என்று நினைத்து இன்னும் அதிகமாக ஊற்றினேன். ஒரு செடி, அதுவும் குளிக்கும் அறைச் சுவரோரத்தில் மறந்து விடப்பட்டிருந்தது, பிழைத்தது. இன்று வீட்டில் உள்ளவை எல்லாம் அதன் பிள்ளைகள்.

முதலாவது விடயம் நிழல். இது காட்டுத் தரையின் செடி. பாதிக்கு மேற்பட்ட நிழல் வேண்டும். மா, பலா, தேசி மரங்களின் கீழே, அல்லது கிடுகுப் பந்தலின் கீழே வைக்கலாம். மரமில்லாத வளவாயின் வீட்டின் கிழக்குச் சுவரோரம் நல்லது. காலை வெயில் மட்டும் படும், மேற்கிலிருந்து வரும் கச்சானுக்கு வீடே மறைப்பு. மண் இரண்டாவது. எமது கடற்கரை மணலில் நீரும் நிற்காது, உரமும் நிற்காது. மணல் ஒரு பங்கு, வயல் மண் ஒரு பங்கு, நன்றாக உக்கிய இலைக்குப்பை ஒரு பங்கு, அதில் ஒரு கைபிடி பழைய சாணம். பழைய பெயின்ற் வாளியோ எண்ணெய்ப் பேணியோ போதும். அடியில் துளை இருக்க வேண்டும். துளைக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேக்க வேண்டாம். நிலவேம்பு வளர்க்கப் போய் நுளம்பு வளர்த்தார் என்ற பெயர் எமக்கு வேண்டியதில்லை.

மூன்றாவது தண்ணீர். தேநீரில் உவர் தெரிந்தால் அந்தத் தண்ணீர் இந்தச் செடிக்கு உதவாது. மாரியில் கூரைத் தண்ணீரை மூடிய பரலில் சேர்த்து வைத்தால் சில பேணிகளுக்குக் கோடை முழுதும் காணும். சின்னச் செடிக்கு ஒரு நாளைக்கு ஒரு குவளை போதும். மேல் மண்ணில் சருகு பரப்பி விட்டால் அதிலும் குறையும்.

நடுவதற்கு உகந்த காலம் மாரியின் தொடக்கம், ஒக்டோபர் கடைசியும் நவம்பரும். விரல் நீளத் தண்டை, முற்றியும் முற்றாததுமான பகுதியில், இரண்டு மூன்று கணுக்கள் உள்ளதாகக் கூரிய கத்தியால் வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, ஈர மணலில் ஒரு கணு புதையும்படி ஊன்ற வேண்டும். மேலே வெள்ளைப் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக் கட்டினால் ஈரம் போகாது. இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். விதை கிடைத்தால் காயவைத்துப் போத்தலில் போட்டு வைக்காமல் பழுத்த உடனே விதைப்பது நல்லது. இதற்கு முன் ஒருபோதும் தண்டு ஊன்றியிராதவர்கள் நிலவேம்பில் தொடங்க வேண்டாம். ஆடாதோடையும் நொச்சியும் யார் ஊன்றினாலும் பிடிக்கும். அவற்றில் கை பழகட்டும். வேலியும் திரும்பி வரும்.

பொறுமை வேண்டும். இது மெதுவாக வளரும் செடி. முதலாவது ஆண்டில் மருந்துக்கென்று ஒன்றையும் எடுக்கக் கூடாது என்பது எனது சட்டம். வெட்டுவதெல்லாம் மீண்டும் ஊன்றுவதற்கே. வைத்தியத்துக்கு முழுச் செடியும் வேர் சகிதம் கேட்கப்படுவதுதான் இதன் சாபக்கேடு. காட்டில் காய்க்கு முன்னரே பிடுங்கப்படுவதால் விதை விழுவதில்லை. வீட்டிலாவது ஐந்து செடி உள்ளவர் ஒன்றைப் பிடுங்கினால், இரண்டை ஊன்றிவிட்டுப் பிடுங்க வேண்டும். தாய்ச் செடியைக் காட்டிலிருந்து பிடுங்கி வந்து இந்த முயற்சியைத் தொடங்காதீர்கள். ஒதுக்கக் காட்டில் அனுமதியின்றிச் செடி எடுப்பது சட்டப்படி குற்றமுமாகும். திணைக்களத் தோட்டங்களில் கேளுங்கள். வளர்க்கும் வைத்தியர்களிடம் கேளுங்கள்.

இதைப் பேசும் இடமெல்லாம் எனக்கு மூன்று ஆட்சேபனைகள் வருகின்றன. ஒன்று, வளவில் வளர்த்த மூலிகைக்குக் காட்டு மூலிகையின் வீரியம் இல்லை என்பது. வயதான பரிசாரிமார் சிலர் இதை உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தை நான் மதிக்கிறேன். மண்ணும் நிழலும் மாறினால் செடியின் சத்தும் கூடிக் குறையலாம். ஆனால் அவர்கள் இன்று பாவிப்பது காட்டு முன்றோனியாவையா, பையில் வந்த மற்றச் செடியையா? வீரியம் சற்றுக் குறைந்த சரியான செடியா, வீரியம் நிறைந்த வேறு செடியா என்பதுதான் எமக்கு முன்னுள்ள தெரிவு. இரண்டு, இடமில்லை என்பது. ஐந்து பேர்ச் வளவில் வீடும் கிணறும் மலசலகூடமும் போக என்ன மிஞ்சும் என்று சாய்ந்தமருதில் ஒரு சகோதரி கேட்டார். நிழல் மிஞ்சும் என்றேன். நெருக்கமான ஊரில் வெயில்தான் அரிது. சுவர் நிழலுக்குப் பஞ்சமில்லை. மரக்கறிக்கு உதவாத அந்த இடம் இந்தச் செடிக்கு உகந்தது.

மூன்றாவது ஆட்சேபனை தொண்டர் நிறுவன நண்பர்களிடமிருந்து வருகிறது. ஆட்சேபனை என்பதைவிட ஆர்வக்கோளாறு என்று சொல்லலாம். இவ்வளவு விலையென்றால் ஏன் இதை வருமானத் திட்டமாக்கக் கூடாது, ஒரு பெண்ணுக்கு ஆயிரம் செடி கொடுக்கலாமே என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வனிலாவின் கதையை நாம் மறக்கக் கூடாது. 2003 வாக்கில் அதன் விலை வானத்துக்கு ஏறியபோது இலங்கையிலும் இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோர் நட்டார்கள்; இரண்டு ஆண்டுகளுக்குள் விலை விழுந்து, கொடியைப் பிடுங்கி எறிந்தார்கள். நிலவேம்பின் விலை அதன் அருமையால் வந்த விலை. அருமை நீங்கினால் விலையும் நீங்கும். நீங்கத்தான் வேண்டும், ஏழை நோயாளிக்கு அது கிடைக்க வேண்டுமாயின். பெண்களிடம் பணம் என்று சொல்லிச் செடியைக் கொடுத்தால், பணம் வராத அன்றே செடி மதிலுக்கு வெளியே போகும்.

கூட்டாக விற்பதற்கு நேர்மையான வழி இல்லாமலும் இல்லை. மதுரைப் பகுதியில் மூலிகை சேகரிப்போரும் பயிரிடுவோரும், பெரும்பாலும் பெண்கள், சங்கங்களாகச் சேர்ந்து பங்குதாரர்களாக உள்ள கிராம மூலிகைக் கம்பனி ஒன்றைத் தொடங்கி, மருந்து உற்பத்தியாளருக்கு நேரடியாகச் சரக்கு கொடுத்து வருகிறார்கள். அங்கு என்னைக் கவர்ந்த விடயம் இலாபமல்ல. பறிக்கிறவரே பங்குதாரராக இருப்பதால், பையில் என்ன இருக்கிறது என்பதற்குப் பொறுப்புச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். எமது கடைத்தெருவில் இல்லாதது அதுதான்.

ஆகவே எனது வேண்டுகோள் பெரிய திட்டம் ஒன்றுக்கானதல்ல. இந்த மாரி தொடங்குமுன் ஒவ்வொரு மாதர் சங்கமும், பாடசாலையும், பள்ளிவாசல் அல்லது கோயில் நிருவாகமும் இரண்டு பேணிகளை அருகருகே வைத்து, ஒன்றில் அண்ட்ரோகிராபிசையும் மற்றதில் முன்றோனியாவையும் வளர்த்து, பெயரைத் தமிழில் எழுதி வைக்கட்டும். ஒன்றுக்குத் தமிழ்நாட்டு நிலவேம்பு என்றும் மற்றதற்குக் காட்டு நிலவேம்பு என்றும் பெயர் வைக்கலாம் என்பது எனது யோசனை. இதைவிட நல்ல பெயர் உள்ளவர்கள் சொல்லட்டும். திருகோணமலையில் சித்த மருத்துவம் படிக்கும் மாணவர்களும் கொழும்பில் யூனானி படிக்கும் எமது பிள்ளைகளும் விடுமுறைக்கு வரும்போது ஒரு நாள் வந்து, கடைகளில் உள்ள பைகளைத் திறந்து பார்த்து எது எது என்று சொல்லிவிட்டுப் போகட்டும். சிரமதானம் செய்கிற இளைஞர்கள் கத்தி எடுக்குமுன், என்ன செடி நிற்கிறது என்று தெரிந்த ஒரு வயதானவரை அந்த வளவைச் சுற்றி நடக்க வைக்கட்டும். டயரை முதலில் தூக்கட்டும்.

போன மாதம் எனது செடியில் ஒன்றைப் பேணியோடு தூக்கிக்கொண்டு முதற் கடைக்காரரிடம் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். முப்பது வருடமாக நிலவேம்பு விற்கிறேன், உயிரோடு இதைக் காண்பது இன்றைக்குத்தான் என்றார். பேணியைத் திரும்ப எடுக்கப் போனபோது, “இத இங்க வெச்சிட்டுப் போங்க சேர், கேக்கிற ஆக்களுக்குக் காட்டலாம்” என்றார். அவரது கடை வாசலில் பின்னேர வெயில் நேராக விழுகிறது. உள்ளே, தராசுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.